எர்த் குழி தோண்டியாச்சு, அப்புறம்?

"எட்டடிக்குப் பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் குடுத்தாச்சு சார். இனிமே இந்த வீட்டுல ஷாக்கே அடிக்காது." தமிழ்நாட்டுல வீடு கட்டுற இடத்துல எல்லாம் இந்த வசனம் கேக்கும். சொல்றவர் பொய் சொல்லல, அவரு மனசார நம்புறாரு. வீட்டுக்காரரும் நம்புறாரு. மொத்தத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு ஓட்டைப் பைப்பு மேல உசுரையே வச்சிருக்கோம். எனக்கு எரிச்சலா இருக்குறது இதுதான். எர்த் வேணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வெறும் எர்த் குழி மட்டும் ஒருத்தரையும் காப்பாத்தாது. பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதி ஒன்னு கையில இருந்தா போதும், இதை நாமளே கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். (கணக்குன்னதும் ஓடாதீங்க, வகுத்தல் மட்டும்தான்.)

முதல்ல ஒரு பெரிய தப்பெண்ணத்தைத் தள்ளி வைக்கணும். கரன்ட்டு பூமிக்குள்ள போனா அப்படியே கரைஞ்சு காணாமப் போயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி ஒன்னும் கிடையாது. அது தேர் மாதிரி, கிளம்பின நிலைக்குத் திரும்பி வந்தே ஆகணும். அந்த நிலை எதுன்னா, உங்க தெரு முனையில நிக்கிற டிரான்ஸ்பார்மர். 11,000 வோல்ட்டை வாங்கி நமக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் குடுக்குற அந்தப் பெட்டியில நியூட்ரல்னு ஒரு முனை இருக்கு, அதை அங்கேயே மண்ணுல எர்த் பண்ணியிருப்பாங்க. சிங்கிள் பேஸ் வீடுகள்ல பெரும்பாலும் கம்பத்துல இருந்து பேஸ், நியூட்ரல்னு ரெண்டு கம்பிதான் வருது. எர்த் கம்பின்னு மூணாவதா ஒன்னு ஈபி-காரங்க இழுத்துக் குடுக்குறதில்ல. (சப்ளை குடுக்குறவங்களே வீட்டுல ஒரு எர்த் முனை தரணும்னு 1956-ம் வருஷத்து மின்சார விதிகள்லயே இருந்துச்சு. நடைமுறை என்னன்னு உங்களுக்கே தெரியும்.) அதனால நாமளே காம்பவுண்டு ஓரமா குழி தோண்டி, எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி இழுத்து, நம்ம சொந்த எர்த் போட்டுக்கறோம்.

இப்போ வாஷிங் மெஷினுக்குள்ள ஒரு பேஸ் ஒயர் தேஞ்சு போய் உடம்புத் தகட்டுல பட்டுடுச்சுன்னு வைங்க. கரன்ட்டு தகட்டுல ஏறி, மூணாவது பின் வழியா எர்த் கம்பிக்கு வந்து, நம்ம குழியில இறங்கி, மண்ணு வழியா நடந்து, டிரான்ஸ்பார்மர் குழியில ஏறி, நியூட்ரலைப் போய்ச் சேரணும். இந்தப் பாதை முழுக்க எவ்வளவு தடை இருக்குங்கறதுதான் கேள்வியே. எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 குடுக்குற சூத்திரத்துல, 2.5 மீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் விட்டம் இருக்குற பைப்பை சுமாரான மண்ணுல, அதாவது 100 ஓம்-மீட்டர் மண்ணுல இறக்கினா தடை 35 ஓம் பக்கம் வருது. ஈரக் களிமண்ணா இருந்தா பத்துக்குக் கீழகூடப் போகும். பாறையும் காஞ்ச மணலுமா இருக்குற ஊர்ல முந்நூறைத் தாண்டும். அதே குழி ஐப்பசி மழையில ஒரு கணக்கு சொல்லும், சித்திரை வெயில்ல வேற கணக்கு சொல்லும். சரி, கரி, உப்பு புண்ணியத்துல உங்க குழி 20 ஓம்னே தாராளமா வச்சுக்கலாம். டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு 5. மொத்தம் 25 ஓம்.

வீட்டுக்கு வர்ற வோல்டேஜ் 230-ஐ 25-ஆல வகுங்க. 9.2 ஆம்பியர்.

அவ்வளவுதான் ஓடும். அந்த வாஷிங் மெஷின் லைன்ல இருக்குறது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரன்ட்டு அளவை மீறினா தானா விழுற ஸ்விட்ச். அதுக்கு 9 ஆம்பியர்ங்கறது சாதாரண வேலை நாள், அயர்ன் பாக்ஸும் மிக்சியும் ஒன்னா ஓடுற மாதிரி. டிரிப் ஆக அதுக்கு ஒரு காரணமும் இல்ல. நம்ம வீடுகள்ல அதிகமா மாட்டுற 'சி' வகை எம்சிபி நொடியில விழணும்னா, அதோட அளவைப் போல பத்து மடங்கு கரன்ட்டு ஓடினாத்தான் உத்தரவாதம். 16-க்கு 160 ஆம்பியர். அதுக்கு மொத்தப் பாதையும் 1.44 ஓமுக்குள்ள இருக்கணும், அதுவும் நம்ம குழி, டிரான்ஸ்பார்மர் குழி, நடுவுல உள்ள கம்பி எல்லாம் சேர்த்து! இதுல இன்னொரு கொடுமை பாருங்க. எம்சிபி விழாம நிக்கிற அந்த நேரம் முழுக்க, மெஷின் தகட்டுல நிக்கிற வோல்டேஜ் 9.2 பெருக்கல் 20, அதாவது 184. பத்திரமா எர்த் பண்ணின மெஷின்தான், வயர்மேன் போட்ட வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா ஈரக் கையோட தொட்டா 184 வோல்ட். ஆபத்தில்லாத தொடு வோல்டேஜ்னு உலகம் முழுக்க வச்சிருக்குற வரம்பு 50 தான்.

கூடவே ஒரு உபரிச் செலவு. 9.2 ஆம்பியர் மண்ணுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தா ரெண்டு கிலோவாட்டுக்கு மேல சும்மா எரியுது. பில்லைப் பார்த்துட்டு மீட்டர் ஓட்டம் சரியில்லன்னு எழுதிக் குடுப்போம். (பல எலக்ட்ரானிக் மீட்டர்கள்ல எர்த்னு போட்டு ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். பேஸ்ல போற கரன்ட்டு நியூட்ரல்ல அப்படியே திரும்பலன்னா அது எரியும். உங்க மீட்டர்ல அது எரிஞ்சுக்கிட்டு இருந்தா இந்தப் பதிவை அப்புறம் படிங்க, முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.)

"எங்க வீட்டு எர்த் சூப்பர், பல்பு போட்டே செக் பண்ணிட்டாங்க"ன்னு ஒரு பதில் உடனே வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் குண்டு பல்பை மாட்டி, அது பளிச்சுன்னு எரிஞ்சா எர்த் பாஸ். தமிழ்நாடு பூரா இதுதான் பரீட்சை. இந்தப் பரீட்சையோட லட்சணத்தையும் பார்த்துடுவோம். எரியுற 100 வாட் பல்போட தடை 529 ஓம். பாதையோட மொத்தத் தடை 50 ஓம்னு படு சுமாரா இருந்தாலும், பல்புக்கு 210 வோல்ட் கிடைச்சுடும். லோ வோல்டேஜ்லயே வளர்ந்த நம்ம கண்ணுக்கு 210-க்கும் 230-க்கும் வித்தியாசம் தெரியவா போகுது? பல்பு ஜோரா எரியும். ஆனா அதே 50 ஓம் எர்த்துல பேஸ் நேரா தகட்டுல பட்டா ஓடப்போறது 4.6 ஆம்பியர், எம்சிபி திரும்பிக்கூடப் பார்க்காது. பல்பு எரியுறது எர்த் கம்பி எங்கேயோ மண்ணைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு சொல்லுது. அது உசுரைக் காப்பாத்துமான்னு பல்புக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, குழிக்குப் போற கம்பி துருப்பிடிச்சு அத்துப் போயிருந்தா, இந்தச் சோதனையே பல்பு வழியா வீட்டுல உள்ள ஃப்ரிட்ஜ், கிரைண்டர் தகடு அத்தனையிலயும் பேஸை ஏத்திவிடும். எர்த் டெஸ்டர்னு அளக்குற கருவியே இருக்கு, அதை வச்சு ஓம் கணக்குல எண்ணைச் சொல்லச் சொல்லுங்க.

அடுத்து வர்றது, "இன்னும் ஆழமாத் தோண்டுவோம், கெமிக்கல் எர்த்திங் போடுவோம்". போடலாம், காசு இருந்தா. கணக்கு எங்க இடிக்குதுன்னா, 20 ஓமை 10 ஆக்கினா போதாது, 5 ஆக்கினாலும் போதாது. டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் தடையே 1.44-ஐத் தாண்டிட்டா, உங்க வீட்டுல தங்கத்தால குழி போட்டாலும் 16 ஆம்பியர் எம்சிபி நொடியில விழும்னு உத்தரவாதம் கிடையாது. அந்தக் குழி நம்ம கையில இல்ல. அது காஞ்சு கிடக்கா, கம்பி இருக்கா, இல்ல யாராவது அறுத்து எடைக்குப் போட்டுட்டாங்களான்னுகூட நமக்குத் தெரியாது. நாம பார்க்க முடியாத, பராமரிக்க முடியாத ஒரு குழியை நம்பி உசுரை வைக்கிற ஏற்பாடு இது.

சரி, அப்போ எதை நம்புறது? ஆர்சிசிபி. (பழைய ஆளுங்க ஈஎல்சிபின்னு சொல்லுவாங்க. அந்தப் பழைய சாதனம் எர்த் கம்பியில வோல்டேஜ் ஏறுதான்னு பார்க்கும், இது வேற ஜாதி.) இது செய்யுறது ஒரே ஒரு வேலை: பேஸ்ல போன கரன்ட்டு அதே அளவுல நியூட்ரல்ல திரும்புதான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். வழியில 30 மில்லி ஆம்பியர் எங்கேயாவது திருட்டுத்தனமா கழண்டு போனா, 0.3 நொடிக்குள்ள மொத்தத்தையும் வெட்டிடும். ஒழுகல் அஞ்சு மடங்கா இருந்தா 0.04 நொடி. எம்சிபி எதிர்பார்க்குற 160 ஆம்பியர் எங்க, இது எதிர்பார்க்குற 0.03 ஆம்பியர் எங்க! அமெரிக்காவுல இதோட சித்தப்பா மகனைக் கண்டுபிடிச்சவர் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல். தன்னார்வலர்களை வச்சு, எவ்வளவு கரன்ட்டு வரைக்கும் பிடிச்ச கம்பியை மனுஷன் தானா விட முடியும்னு அளந்து பார்த்த ஆளு. ஆண்களுக்குச் சராசரியா 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு இன்னும் குறைவு. அதுக்கு மேல போனா கை இறுகிக்கும், விடணும்னு நினைச்சாலும் விட முடியாது. அந்த ஊர்ல வீட்டுக்கு 5 மில்லி ஆம்பியர் பக்கத்துல வெட்டுற மாதிரி வச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் ஐரோப்பாவுலயும் 30, கூடவே நேரக் கட்டுப்பாடு.

இப்போ அதே வாஷிங் மெஷினுக்கு வருவோம். இந்தத் தடவை எர்த் படு மோசம்னு வச்சுக்கலாம், ரெண்டு பக்கமும் சேர்த்து 100 ஓம். பேஸ் தகட்டைத் தொட்ட நொடியில 2.3 ஆம்பியர் ஒழுகும். ஆர்சிசிபி-க்கு இது 76 மடங்கு அதிகம். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள விழுந்துடும், மெஷினை யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டாங்க. இன்னும் சொல்லப்போனா, 50 வோல்ட் வரம்பை 0.03-ஆல வகுத்தா 1,666 ஓம் வருது. கணக்குப்படி அத்தனை மோசமான குழிக்கும் ஆர்சிசிபி பொறுப்பு ஏத்துக்கும். (அதுக்காக யாரும் அந்த லட்சணத்துல குழி போட வேணாம். மண்ணு காயும், கம்பி துருப்பிடிக்கும், கையிருப்பு கொஞ்சம் வேணும்.) எட்டடி குழிக்குச் செலவழிக்கிற காசை விட இந்த டப்பா ஒன்னும் பெரிய விலை இல்ல. ஆனாலும் வீட்டுக்கு மார்பிள் பார்த்துப் பார்த்து வாங்குறவங்க, எம்சிபி-யெல்லாம் இருக்குற டிபி பாக்ஸ்ல மட்டும் "இது எதுக்கு சார் வேஸ்டா"ன்னு வயர்மேன் சொன்னா உடனே தலையாட்டிடுறாங்க.

அப்போ எர்த்தே வேணாமா, ஆர்சிசிபி மட்டும் போதுமான்னு கேட்டீங்கன்னா, நல்ல கேள்வி. எர்த் இல்லாத வீட்டுல ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனா எப்போ? தகட்டுல கரன்ட்டு ஏறி உக்காந்திருக்கும், அது மண்ணுக்கு இறங்க வழி இருக்காது, ஒழுகல் இல்லாததால ஆர்சிசிபி-யும் பேசாம இருக்கும். யாராவது வந்து தொடுற நொடியில அவங்க உடம்புதான் வழி. அதுக்கப்புறம் வெட்டும். பெரும்பாலும் உசுரு தப்பிக்கும், ஆனா ஷாக் உண்டு, ஸ்டூல் மேல நின்னவர் கீழ விழுறதும் உண்டு. எர்த் இருந்தா, பழுது வந்த அந்த நிமிஷமே வெட்டி, 'இங்க ஏதோ கோளாறு'ன்னு மனுஷன் தொடுறதுக்கு முன்னாடியே சொல்லிடும். எர்த்தோட வேலை ஒழுகலுக்கு ஒரு வழி காட்டுறது, வெட்டுறது ஆர்சிசிபி-யோட வேலை. ஒன்னு இருக்குன்னு இன்னொன்னை விடுறதுக்கு இதுல இடமே இல்ல. அதனாலதான் மூணாவது பின்னை ஒடிச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகுறதைப் பார்த்தா எனக்குப் பதறும். அந்தப் பின்னை மத்ததை விட நீளமாவும் தடியாவும் செஞ்சிருக்குறதே, சொருகும்போது எர்த் முதல்ல சேரணும், கழட்டும்போது கடைசியா பிரியணும்னுதான். அதே மாதிரி பழைய வீடுகள்ல ஜிஐ தண்ணிக் குழாயில எர்த் கம்பியைக் கட்டி வச்சிருப்பாங்க. நடுவுல ஒரு துண்டு குழாயை பிவிசி-க்கு மாத்தின அன்னைக்கே அந்த எர்த் செத்துப் போச்சு, யாருக்கும் துக்கம் சொல்லி அனுப்பல.

"ஆர்சிசிபி சும்மா சும்மா டிரிப் ஆகுதுங்க"ன்னு சொல்றாங்களே, அதுதான் பெரிய எதிர்வாதம். இதைக் கேலி பண்ணக் கூடாது. நடுராத்திரியில ஃபேன் நின்னா யாருக்கும் கோவம் வரும். ஆனா அது சும்மா விழுறது ரொம்ப அபூர்வம். ஹீட்டர் காயில் உள்ளுக்குள்ள வெடிச்சு தண்ணியில கசியுது, மொட்டை மாடி மோட்டார் ஒயர் மழையில ஊறுது, ஏதோ ஒரு ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ள சுவத்து ஈரம் இறங்குது, இப்படி ஒரு காரணம் இருக்கும். இல்லன்னா வயரிங் பண்ணினவர் ஒரு ரூம் பேஸுக்கு இன்னொரு ரூம் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பாரு. ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி ஆர்சிசிபி வச்ச வீட்டுல, இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரலைக் கலந்து விட்டாலும் விழும். இதெல்லாம் ஒரு லைனா அணைச்சு அணைச்சுப் பார்த்தா அரை நாள்ல பிடிச்சுடலாம். ஒரே ஆர்சிசிபி-யில வீடு மொத்தத்தையும் தொங்க விடாம, ரெண்டு மூணாப் பிரிச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப் போற கவலையும் இல்ல. அதை விட்டுட்டு ஆர்சிசிபி-யைக் கழட்டி நேரா ஒயரைச் சேர்த்துட்டு "பிரச்சினை முடிஞ்சுது சார்"னு காசு வாங்கிட்டுப் போறது வேலையே இல்ல. கசிவு அங்கயேதான் இருக்கு, சொல்றதுக்குத்தான் இப்போ ஆள் இல்ல.

இங்கதான் யூடியூப் நுழையுது. அமெரிக்க எலக்ட்ரீஷியன் ஒருத்தர் பளபளன்னு பேனலைத் திறந்து, பச்சை ஸ்குரூ ஒன்னை முறுக்கி, நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்னாச் சேர்ப்பாரு. "பார்த்தீங்களா, அங்கயே சேர்க்குறாங்க, நாமளும் சேர்த்துட்டா எம்சிபி-யே விழுமே"ன்னு ஒரு யோசனை இங்க சுத்துது. அவங்க செய்யுறது முழுக்கச் சரி, அவங்க ஊருக்கு. அவங்களோட தேசிய மின் விதித்தொகுப்பே, மண்ணைப் பழுது கரன்ட்டுக்கான பாதையாக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு பட்டவர்த்தனமா சொல்லுது. ஒரு ராடு 25 ஓமைத் தாண்டினா இன்னொரு ராடு அடி, அதோட சரிங்கறது அவங்க விதி. 120 வோல்ட்டை 25-ஆல வகுத்தா 4.8 ஆம்பியர், எந்த பிரேக்கரும் விழாதுன்னு அவங்களுக்கே தெரியும். அதனால பழுது கரன்ட்டை மண்ணு வழியா அனுப்பாம, மெயின் பேனல்ல நியூட்ரலோட சேர்த்து, கெட்டியான கம்பி வழியா டிரான்ஸ்பார்மருக்கே திருப்பி விடுறாங்க. நூத்துக்கணக்குல ஆம்பியர் ஓடும், பிரேக்கர் பட்டுன்னு விழும். அந்த நியூட்ரலை வழி நெடுக கம்பத்துக்குக் கம்பம், வீட்டுக்கு வீடு எர்த் பண்ணிக்கிட்டே வர்றாங்க. சேர்க்குறதும் மெயின்ல ஒரே ஒரு இடத்துலதான். அடுத்த துணைப் பேனல்ல சேர்த்தா அங்கயும் அது குத்தம்.

நம்ம வீட்டுல அதையே செஞ்சா என்ன ஆகும்? ஆர்சிசிபி-க்கு அப்புறம் எங்கேயாவது சேர்த்தா, நியூட்ரல் கரன்ட்டுல ஒரு பங்கு எர்த்ல ஓடி ஆர்சிசிபி நிக்கவே நிக்காது. முன்னாடி சேர்த்தா வெளியில எல்லாம் நல்லா இருக்குற மாதிரித்தான் தெரியும், கம்பத்துல நியூட்ரல் ஜம்பர் அத்துக்குற நாள் வரைக்கும். காத்தடிச்சா நம்ம ஊர்ல நியூட்ரல் அத்துப் போறது அதிசயமா என்ன? அன்னைக்கு ரெண்டு கிலோவாட் ஹீட்டர் ஓடிக்கிட்டு இருந்தா, அதோட கரன்ட்டு திரும்ப வழியில்லாம நம்ம 20 ஓம் குழியில இறங்கும். வீட்டுல எர்த் பண்ணின அத்தனை தகட்டுலயும் 90 வோல்ட் கிட்ட ஏறி நிக்கும். எந்த மெஷினும் பழுதாகாமலேயே, நல்லா இருக்குற ஃப்ரிட்ஜ்லயும் கிரைண்டர்லயும் வோல்டேஜ் வந்து நிக்குது. இதுல ஆர்சிசிபி என்ன பண்ணும்? ஒன்னும் பண்ணாது. போன கரன்ட்டு அத்தனையும் அது வழியாவே திரும்பி வந்து, அதைத் தாண்டின அப்புறம்தான் மண்ணுக்குப் போகுது. அதோட கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. அதனால கம்பத்துல இருந்து ரெண்டு கம்பி மட்டும் வர்ற வீட்டுல நியூட்ரல் தனி, எர்த் தனி. யார் சொன்னாலும் சேர்க்க விடாதீங்க.

ஆர்சிசிபி-யும் சாமி இல்ல. ஒரு கையில பேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா, அதுக்கு நீங்களும் ஒரு பல்புதான், விழாது. ஓவர்லோடுக்கு அது பொறுப்பில்ல, அதுக்கு எம்சிபி கூட இருந்தே ஆகணும். ஈபி சப்ளை போய் இன்வெர்ட்டர்ல ஓடுறப்போ, இன்வெர்ட்டர் லைனுக்குத் தனியா ஒன்னு வைக்கலன்னா அந்தப் பக்கம் காவல் இல்ல. அப்புறம், உள்ள இருக்குற மெக்கானிசம் வருஷக்கணக்கா அசையாம கிடந்தா ஒட்டிக்கும். அதுக்குத்தான் 'டி'-ன்னு போட்ட சின்ன பட்டன். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும். (அந்த பட்டன் எர்த்தைச் சோதிக்காது. ஆர்சிசிபி-யை மட்டும்தான் சோதிக்கும்.)

படிச்சு முடிச்சதும் எழுந்து போய் டிபி பாக்ஸைத் திறங்க. 30 மில்லி ஆம்பியர்னு எழுதின, டெஸ்ட் பட்டன் இருக்குற டப்பா ஒன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அமுக்குங்க, விழணும். விழலன்னாலோ, அப்படி ஒரு டப்பாவே இல்லன்னாலோ, குழிக்குத் தண்ணி ஊத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இதை மாட்டச் சொல்லுங்க.